புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு: இண்டிகேட்டர், விளக்கு, வைப்பர், ஜன்னல்

டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே கிளட்ச், கியர், பிரேக் என்றுதான் பாடம் போகும். ஸ்டீயரிங்கின் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டுகளைக் காட்டி, "இது இண்டிகேட்டர், அது வைப்பர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டு வண்டியை எடுக்கச் சொல்லிவிடுவார்கள். வகுப்பு நடக்கும்போது பெரும்பாலும் காலை வெயில் இருக்கும். வைப்பருக்கும் ஹெட்லைட்டுக்கும் அங்கே வேலையே வராது. லைசென்ஸ் வந்து தனியாக வண்டி எடுத்த பிறகு, ஏதாவது ஒரு சாயங்காலம் மழை கொட்டும்போதுதான் வைப்பரை எப்படி வேகமாக வைப்பது, மங்கிய கண்ணாடியை எப்படித் தெளிய வைப்பது என்று தேட வேண்டிவரும். அந்தத் தேடல்தான் ஆபத்து.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். பட்டன் எங்கே என்று இரண்டு விநாடி குனிந்து பார்த்தால், 33 மீட்டர் தூரத்தைச் சாலையைப் பார்க்காமல் கடந்திருப்பீர்கள். அதனால் இங்கே சொல்லும் எல்லாவற்றையும் நிறுத்திய வண்டியில் உட்கார்ந்து பழகிக்கொள்ளுங்கள். பார்க்காமலே கை போய்ச் சரியான இடத்தைத் தொட வேண்டும். அதுவரை மெயின் ரோட்டுக்குப் போக அவசரப்படாதீர்கள்.

நம் ஊரில் அதிகம் ஓடும் சாதாரண மேனுவல் கியர் காரை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். உங்கள் வண்டியில் ஒன்றிரண்டு பட்டன்கள் இடம் மாறியிருக்கலாம். வண்டியோடு வரும் கையேடு டாஷ்போர்டு அறையில் பிரிக்காமல் கிடக்கும், அதைப் பிரித்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இருக்கை

சீட்டைச் சரிசெய்யாமல் எந்த கன்ட்ரோலும் கைக்கு ஒழுங்காக எட்டாது. கிளட்சை அடிவரை மிதித்துப் பாருங்கள். அப்போதும் முழங்கால் லேசாக மடங்கியிருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் சீட்டை முன்னால் தள்ளுங்கள். அப்புறம் முதுகைச் சீட்டில் நன்றாகச் சாய்த்து, கையை நீட்டி மணிக்கட்டை ஸ்டீயரிங்கின் உச்சியில் வையுங்கள். தோளைத் தூக்காமல் மணிக்கட்டு அங்கே உட்கார்ந்தால் அளவு சரி. நெஞ்சுக்கும் ஸ்டீயரிங்குக்கும் நடுவில் 25 சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும். ஏர்பேக் விரிய அந்த இடம் தேவை. புதிதாக ஓட்டுபவர்கள் பானெட்டின் நுனி தெரிய வேண்டும் என்று ஸ்டீயரிங்கை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டு உட்காருவார்கள். அதற்குப் பதிலாக, வசதி இருந்தால், சீட்டின் உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்டீயரிங்கைக் கடிகாரமாக நினைத்து, 9 மணி இடத்திலும் 3 மணி இடத்திலும் பிடியுங்கள். இப்படிப் பிடித்தால் கையை எடுக்காமலே விரலை மட்டும் நீட்டி இரண்டு தண்டுகளையும் தட்டலாம். ஸ்டீயரிங்கின் உச்சியில் ஒற்றைக் கையை வைத்து ஓட்டப் பழகியவர்கள் இண்டிகேட்டர் போடாமல் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்: கை அங்கிருந்து இறங்கி வர வேண்டியிருக்கிறது.

மிரர்களையும் இப்போதே சரிசெய்யுங்கள். உள்ளே இருக்கும் மிரரில் பின் கண்ணாடி முழுதும் தெரிய வேண்டும். பக்கவாட்டு மிரர்களில் உங்கள் காரின் பக்கம் ஒரு கீற்று தெரிந்தால் போதும், மீதி இடமெல்லாம் சாலைக்கு. சந்து பொந்துகளில் உரசிவிடும் என்று இடது மிரரை மடித்தே வைத்து ஓட்டுபவர்களை நிறையப் பார்க்கலாம். நம் சாலைகளில் பைக்கும் ஆட்டோவும் இடது பக்கம்தான் நுழைந்து வரும், அந்த மிரர் திறந்தே இருக்கட்டும். அதில் தெரியும் வண்டி, தெரிவதைவிடக் கிட்டத்தில் இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அது குவி கண்ணாடி.

சீட் பெல்ட்டை மாட்டிவிட்டு எல்லாம் எட்டுகிறதா என்று இன்னொரு முறை பாருங்கள். பெல்ட் போடாமல் பிடிபட்டால் அபராதம் 1,000 ரூபாய்.

சாவியைத் திருப்பியதும்

இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். பட்டன் ஸ்டார்ட் வண்டி என்றால் கிளட்சையும் பிரேக்கையும் மிதிக்காமல் பட்டனை இரண்டு முறை அழுத்தினால் பெரும்பாலான வண்டிகளில் இதே நிலைக்கு வரும். மீட்டரில் நிறைய விளக்குகள் ஒன்றாக எரியும். பயப்பட வேண்டாம், வண்டி தன் விளக்குகளைச் சோதித்துக்கொள்கிறது. ஏர்பேக், ஏபிஎஸ் விளக்குகள் சில விநாடிகளில் அணைந்துவிடும். ஆயில், பேட்டரி விளக்குகள் இன்ஜின் ஓடத் தொடங்கியதும் அணையும்.

எல்லாப் படங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, நிறத்தைப் பார்த்தாலே பாதி புரிந்துவிடும். சிவப்பு என்றால் உடனே கவனிக்க வேண்டியது. ஓடும்போது ஆயில் பிரஷர் விளக்கோ இன்ஜின் சூட்டு விளக்கோ சிவப்பாக எரிந்தால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிடுங்கள், "வீடு வரைக்கும் போய்விடலாம்" என்று ஓட்டினால் இன்ஜினே போய்விடும். மஞ்சள் என்றால் சீக்கிரம் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டியது. பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று இயங்குகிறது என்ற தகவல் மட்டுமே.

பெட்ரோல் மீட்டரில் பங்க் பம்பு படத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முக்கோணம் இருக்கும். அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கம்தான் டேங்க் மூடி. பங்கில் தவறான பக்கம் நிறுத்திவிட்டு வண்டியைச் சுற்றி எடுக்க வேண்டிய வேலை மிச்சம்.

இண்டிகேட்டர்

மாருதி, ஹூண்டாய் போன்ற வண்டிகளில் இண்டிகேட்டர் தண்டு ஸ்டீயரிங்கின் வலது பக்கம் இருக்கும். வலது பக்கம் திரும்ப அதைக் கீழே தட்ட வேண்டும், இடது பக்கத்துக்கு மேலே. குழம்பினால் ஒரு வழி உண்டு: ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது தண்டு இருக்கும் பக்கத்துக் கை எந்தத் திசையில் நகருமோ அதே திசையில் தண்டைத் தட்டுங்கள். வலது பக்கம் திருப்பும்போது வலது கை கீழே இறங்குகிறது, தண்டும் கீழே. தண்டு இடது பக்கம் இருக்கும் வண்டியிலும் இந்தக் கணக்கு மாறாது.

எப்போது போடுவது என்பதில்தான் பெரும்பாலானவர்கள் தவறுகிறார்கள். திருப்பத்தில் பிரேக் மிதித்து, ஸ்டீயரிங்கையும் பாதி திருப்பிய பிறகு போடும் இண்டிகேட்டரால் யாருக்கும் பயனில்லை. நீங்கள் திரும்புவது அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. பிரேக்கில் கால் வைப்பதற்கு முன்பே போடுங்கள். நகருக்குள் ஐந்து விநாடி முன்பு என்று வைத்துக்கொள்ளலாம், ஹைவேயில் இன்னும் முன்பே. வரிசை இப்படி இருக்கட்டும்: மிரரைப் பார்ப்பது, இண்டிகேட்டர் போடுவது, இன்னொரு முறை மிரரையும் தோளுக்குப் பின்னாலும் பார்ப்பது, அப்புறம் திரும்புவது. இண்டிகேட்டர் போட்டுவிட்டதாலேயே வழி உங்களுக்குச் சொந்தமாகிவிடாது. நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். பின்னால் வருபவர் விட்டால்தான் போக முடியும்.

மறந்துபோகும் இடங்கள் சில உண்டு. ஓரமாக நிறுத்தியிருந்த வண்டியை எடுக்கும்போது வலது இண்டிகேட்டர் வேண்டும். லேன் மாறும்போது வேண்டும். ஓவர்டேக் செய்ய வெளியே வரும்போது வலது, முடித்து உள்ளே வரும்போது இடது. கோவை அவிநாசி சாலை போல யூ-டர்ன்கள் நிறைந்த சாலையில் நடுத்திட்டு இடைவெளிக்கு வரும் வெகுதூரம் முன்பே வலது இண்டிகேட்டரைப் போட்டு, வலது லேனுக்கு நிதானமாக வர வேண்டும்.

திரும்பி முடித்து ஸ்டீயரிங் நேரானதும் இண்டிகேட்டர் தானாக அணையும். ஆனால் லேன் மாறும்போதும் ஓவர்டேக்கிலும் ஸ்டீயரிங் கொஞ்சம்தான் திரும்புகிறது, அதனால் அணையாமல் ஓடிக்கொண்டே இருக்கும். வலது இண்டிகேட்டர் எரிய நேராகப் போகும் வண்டியை நம்பி எதிரில் ஒருவர் திரும்பிவிட்டால் விபத்து. டிக் டிக் சத்தத்தைக் காது கேட்கும் அளவுக்குப் பாட்டின் ஒலியைக் குறைத்து வையுங்கள். பல புது வண்டிகளில் தண்டை முழுதும் அழுத்தாமல் லேசாகத் தட்டினால் மூன்று முறை மட்டும் மின்னிவிட்டு நிற்கும். லேன் மாற அதுவே வசதி. டிக் டிக் வழக்கத்தைவிட வேகமாகக் கேட்டால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போய்விட்டது என்று பொருள்.

ஹைவேயில் லாரிக்குப் பின்னால் போகும்போது ஒன்றைக் கட்டாயம் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகும் லாரி வலது இண்டிகேட்டர் போட்டால், "ஏறிப் போய்க்கோ" என்று சிலர் சொல்கிறார்கள். வேறு சிலர் "எதிரே வண்டி வருது, வராதே" என்கிறார்கள். இன்னும் சிலர் உண்மையிலேயே வலது பக்கம் திரும்பப் போகிறார்கள். மூன்றுக்கும் ஒரே விளக்கு. எதிரே சாலை காலியாக இருப்பதை உங்கள் கண்ணால் பார்க்காத வரை, எந்த லாரிக்காரர் எந்த இண்டிகேட்டர் போட்டாலும் ஓவர்டேக் செய்யாதீர்கள். பின்னால் வருபவருக்கு நீங்களும் அப்படி சிக்னல் கொடுக்க வேண்டாம்.

ஹெட்லைட், டிம், பிரைட்

இண்டிகேட்டர் தண்டின் நுனியில் திருகக்கூடிய வளையம் இருக்கும். ஒரு திருகு திருகினால் சின்ன விளக்குகளும் பின் விளக்கும் மீட்டர் வெளிச்சமும் எரியும். இன்னொரு திருகில் ஹெட்லைட். தண்டை முன்பக்கம், அதாவது உங்களிடமிருந்து விலக்கித் தள்ளினால் பிரைட், அப்போது மீட்டரில் நீல விளக்கு எரியும். திரும்ப இழுத்தால் டிம். பிடித்து உங்கள் பக்கம் இழுத்து விட்டால், இழுத்திருக்கும் வரை பிரைட் பளிச்சென்று அடிக்கும்.

நீல விளக்கு எரிந்தால் எதிரே வருபவரின் கண்ணை நீங்கள் மறைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தெருவிளக்கு இருக்கும் நகரச் சாலையில் பிரைட்டுக்கு வேலையே இல்லை. வெளியூர் இருட்டுச் சாலையில் பிரைட் போடலாம், எதிரே வண்டியின் வெளிச்சம் தெரிந்ததும் டிம் செய்துவிடுங்கள், அவர் முதலில் செய்யட்டும் என்று காத்திருக்க வேண்டாம். முன்னால் ஒரே திசையில் போகும் வண்டிக்குப் பின்னாலும் டிம்தான், உங்கள் பிரைட் அவர் மிரரில் விழுந்து அவர் கண்ணைக் கூச வைக்கும். எதிராளி டிம் செய்யவே இல்லை என்றால் பதிலுக்குப் பிரைட் அடிக்காதீர்கள். இரண்டு பேருக்கும் கண் தெரியாமல் போனால் நடுவில் மாட்டிக்கொள்வது விளக்கில்லாத சைக்கிளில் போகிறவர். வேகத்தைக் குறைத்து, பார்வையைச் சாலையின் இடது ஓரக் கோட்டுக்கு நகர்த்துங்கள். பின்னாலிருந்து வரும் வெளிச்சம் தொந்தரவு செய்தால் உள் மிரரின் அடியில் இருக்கும் சின்ன நாக்கைப் புரட்டி விடுங்கள், மிரர் மங்கலாகிவிடும்.

லைட் அடிப்பதற்கு நம் சாலையில் வழக்கமான பொருள் "நான் வருகிறேன், நில்" என்பதுதான். எதிரே வண்டி லைட் அடித்தால் உங்களுக்கு வழிவிடுகிறார் என்று எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

டாஷ்போர்டின் வலது பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட ஒரு சின்னச் சக்கரம் பல வண்டிகளில் உண்டு. எண் கூடினால் வெளிச்சம் உயரும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறானது அது. தனியாக ஓட்டும்போது 0. பின் சீட்டில் ஆட்களும் டிக்கி நிறையச் சாமானும் ஏறினால் வண்டியின் பின்பக்கம் அழுந்தி மூக்கு தூக்கும், டிம்மில் இருந்தாலும் வெளிச்சம் எதிராளியின் கண்ணில் படும். அப்போது எண்ணைக் கூட்டினால் வெளிச்சம் கீழே இறங்கும். குடும்பத்தோடு ஊருக்குப் போகும் இரவுப் பயணத்தில் இதைத் திருகிவிட்டுக் கிளம்புங்கள்.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பனிமூட்டத்தில் பிரைட் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். வெளிச்சம் பனித்துளிகளில் பட்டு உங்களிடமே திரும்பி வருகிறது. டிம்மும், இருந்தால் ஃபாக் லைட்டும் போடுங்கள். பனி விலகியதும் பின் ஃபாக் லைட்டை அணைக்க மறக்காதீர்கள், பின்னால் வருபவருக்கு அது பிரேக் விளக்கு அளவுக்குக் கண்ணைக் குத்தும்.

டபுள் இண்டிகேட்டர்

டாஷ்போர்டின் நடுவில் சிவப்பு முக்கோணம் போட்ட பட்டன். அழுத்தினால் நான்கு இண்டிகேட்டர்களும் சேர்ந்து மின்னும். சாவி இல்லாவிட்டாலும் இது வேலை செய்யும். வண்டி பழுதாகி நின்றுவிட்டால், டயர் பஞ்சராகி ஓரம் கட்டினால், ஹைவேயில் எதிர்பாராமல் எல்லா வண்டிகளும் நின்று நீங்களும் சட்டென்று நிற்க வேண்டி வந்தால், இதைப் போட வேண்டும்.

நாற்சந்தியில் "நான் நேராகப் போகிறேன்" என்று சொல்ல இதைப் போடும் பழக்கம் நம் ஊரில் பரவிவிட்டது. தயவுசெய்து இதைப் பழகாதீர்கள். இடது பக்கச் சாலையிலிருந்து பார்ப்பவருக்கு உங்கள் இடது இண்டிகேட்டர் மட்டுமே தெரியும், நீங்கள் அவர் தெருவுக்குள் திரும்புவதாக நினைத்து வண்டியை எடுத்துவிடுவார். வலது பக்கம் இருப்பவருக்கும் இதே கதை. நேராகப் போவதற்கு எந்த விளக்கும் தேவையில்லை. கனமழையில் டபுள் இண்டிகேட்டர் போட்டுக்கொண்டே ஓட்டுவதும் தவறு, நீங்கள் எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போய்விடும். மழையில் தேவை ஹெட்லைட். அதைப் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து எரியும், முன்னாலும் பின்னாலும் இருப்பவர்களுக்கு உங்களைத் தெரியும்.

வைப்பர்

இடது பக்கத் தண்டு. மிஸ்ட், ஆஃப், இன்ட், லோ, ஹை என்று ஆங்கிலத்தில் குறித்திருப்பார்கள். பெரும்பாலும் மேலே ஒரு தட்டுத் தட்டினால் ஒரே ஒரு முறை துடைத்துவிட்டு நிற்கும், அதுதான் மிஸ்ட். கீழே ஒவ்வொரு படியாக இறக்கினால் முதலில் விட்டு விட்டுத் துடைக்கும், அடுத்தது தொடர்ந்து, கடைசியில் வேகமாக. தண்டை உங்கள் பக்கம் இழுத்தால் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சும். பின் கண்ணாடிக்கு வைப்பர் இருந்தால் அதன் சுவிட்சும் இதே தண்டின் நுனியில்தான்.

உலர்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டாதீர்கள். புழுதி ரப்பருக்கு அடியில் மாட்டி உப்புத்தாள் தேய்த்த மாதிரி கீறல் விழும். அந்தக் கீறல் பகலில் தெரியாது, இரவில் எதிர் வண்டி வெளிச்சம் பட்டதும் வளையம் வளையமாக மின்னும். முதலில் தண்ணீர் பீய்ச்சி, புழுதியை ஊறவிட்டுத் துடையுங்கள். வெயிலுக்குப் பிறகு வரும் முதல் தூறலில் இது இன்னும் முக்கியம். கண்ணாடியில் படிந்த புகையும் எண்ணெய்ப் பிசுக்கும் நான்கு துளி மழையோடு கலந்து சேறு மாதிரி இழுத்துவிடும், சில விநாடி எதுவும் தெரியாது. தூறல் விழத் தொடங்கியதும் கூடவே தண்ணீரையும் பீய்ச்சுங்கள்.

அந்தத் தண்ணீர் பானெட்டுக்குள் இருக்கும் ஒரு தொட்டியிலிருந்து வருகிறது. மூடியில் வைப்பர் படம் போட்டிருக்கும். பக்கத்தில் இருக்கும் கூலண்ட் தொட்டியோடு குழப்பிக்கொள்ளாமல், படத்தைப் பார்த்து ஊற்றுங்கள். நுரை வரும் சோப்புத்தூள் கரைசல் வேண்டாம். நல்ல தண்ணீரும், கிடைத்தால் அதற்கென்று கடையில் விற்கும் திரவமும் போதும்.

நம் வெயிலில் வைப்பர் ரப்பர் சீக்கிரம் விறைத்துப்போகும். கோடு கோடாகத் தண்ணீர் விட்டுப் போனாலோ, கிறீச் என்று சத்தம் வந்தாலோ மாற்றிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன்பு, செப்டம்பரிலேயே பார்த்துவிடுவது நல்லது. மழை வந்த பிறகு கடைக்குப் போனால் உங்கள் வண்டிக்கான அளவு இருக்குமோ இருக்காதோ.

மழை பெய்யும்போது கண்ணாடி மங்கினால்

புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். வைப்பர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் முன்னால் ஒன்றும் தெரியாது. துணியை எடுத்து ஒரு கையால் துடைத்துக்கொண்டே ஓட்டுவார்கள். கண்ணாடியின் எந்தப் பக்கம் மங்கியிருக்கிறது என்று தெரிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. விரலால் உள்பக்கம் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு தெளிவாக விழுந்தால் உள்ளே மங்கியிருக்கிறது. எதுவும் மாறவில்லை என்றால் வெளியே.

உள்ளே மங்குவது மழையிலும் மலையிலும். வண்டிக்குள் இருப்பவர்களின் மூச்சிலும் நனைந்த துணியிலும் இருக்கும் ஈரம், மழையால் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. இதற்கு மருந்து ஏசி. குளிராக இருக்கிறதே, ஏசி எதற்கு என்று தோன்றும். ஏசி காற்றிலிருந்து ஈரத்தைப் பிரித்தெடுக்கிறது, அதனால் போடத்தான் வேண்டும். குளிர் பொறுக்கவில்லை என்றால் வெப்ப அளவைச் சிவப்புப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம், ஏசி பட்டன் மட்டும் எரியட்டும். காற்று முன் கண்ணாடியின் மேல் வீசும்படி திருப்புங்கள்: விசிறி வடிவக் கண்ணாடியில் வளைந்த அம்புகள் போட்ட குறி. காருக்குள்ளேயே சுற்றி வளையும் அம்புக்குறி எரிந்தால் அதை அணைத்து, வெளிக்காற்று வரும் நிலைக்கு மாற்றுங்கள். உள்காற்றையே சுற்றவிட்டால் ஈரமும் உள்ளேயே சுற்றும். அவசரமாகத் தெளிய வேண்டும் என்றால் ஜன்னலை ஒரு விரற்கடை இறக்கிவிடுங்கள்.

வெளியே மங்குவது சென்னை, நாகை, தூத்துக்குடி மாதிரிக் கடலோரப் புழுக்கத்தில். இரவிலும் அதிகாலையிலும் ஏசியை அதிகக் குளிரில் வைத்து ஓட்டும்போது கண்ணாடி சில்லிட்டுப்போய், வெளிக்காற்றின் ஈரம் அதன் மேல் படியும். இங்கே முன் கண்ணாடிப் பக்கம் ஏசியைத் திருப்பினால் இன்னும் மோசமாகும். வைப்பரை ஒரு தட்டுத் தட்டுங்கள், உடனே தெளியும். அப்புறம் குளிரைக் குறைத்து, காற்று முகத்துக்கும் காலுக்கும் மட்டும் வரும்படி வையுங்கள்.

பின் கண்ணாடியில் கிடையாக மெல்லிய கோடுகள் ஓடினால் உங்கள் வண்டியில் டிஃபாகர் இருக்கிறது. செவ்வக வடிவக் கண்ணாடியில் அம்புகள் போட்ட பட்டன். அழுத்தினால் அந்தக் கம்பிகள் சூடாகி மங்கலைப் போக்கும். தெளிந்ததும் அணைத்துவிடலாம். அந்தக் கோடுகளின் மேல் ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், உரிக்கும்போது கம்பியும் கூடவே வந்துவிடும்.

ஜன்னல் கண்ணாடிகள்

ஓட்டுநர் கதவில் நான்கு சுவிட்சுகள் இருக்கும், முன் இரண்டு முன் ஜன்னல்களுக்கு, பின் இரண்டு பின் ஜன்னல்களுக்கு. அழுத்தினால் இறங்கும், நுனியைத் தூக்கினால் ஏறும். ‘ஆட்டோ’ என்று எழுதிய சுவிட்சை ஆழமாக அழுத்திவிட்டால் முழுதும் தானாக இறங்கும். டோல்கேட்டில் வசதி.

அவற்றின் பக்கத்தில் இருக்கும் பூட்டு பட்டனை அழுத்தினால் மற்ற கதவுகளில் இருப்பவர்கள் கண்ணாடியை ஏற்றி இறக்க முடியாது. பின்னால் குழந்தைகள் இருந்தால் இதை அழுத்தியே வையுங்கள். நீங்களே பின் கண்ணாடியை ஏற்றும்போதும் வாயால் சொல்லிவிட்டு, திரும்பிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஏதாவது தட்டுப்பட்டால் தானாக இறங்கும் வசதி எல்லா வண்டிகளிலும் இல்லை, இருக்கும் பல வண்டிகளிலும் ஓட்டுநர் ஜன்னலுக்கு மட்டும்தான். குழந்தையின் கழுத்து வெளியே இருக்கும்போது கண்ணாடி ஏறினால் நொடியில் உயிருக்கு ஆபத்து. சைல்டு லாக் என்பது வேறு. அது பின் கதவைத் திறந்தால் அதன் விளிம்பில் தெரியும் சின்ன நெம்புகோல். போட்டுவிட்டால் அந்தக் கதவை உள்ளிருந்து திறக்க முடியாது. இரண்டும் வேண்டும்.

வெயிலில் நிறுத்திய வண்டியில் ஏறியதும் ஏசியைப் போட்டு எல்லாவற்றையும் மூடிக்கொள்ள வேண்டாம். நான்கு கண்ணாடிகளையும் இறக்கி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். உள்ளே தேங்கிய சூடு வெளியே போன பிறகு ஏற்றினால் ஏசி சீக்கிரம் குளிரும். வேகமாகப் போகும்போது ஒரு பின் ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் காதை அடைக்கிற மாதிரி தும் தும் என்று ஒலிக்கும், எதிர்ப்பக்க முன் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினால் நின்றுவிடும்.

வெயிலுக்கு மறைப்பு மாட்டுபவர்கள் முன் ஜன்னல்களில் மாட்டியதை ஓட்டும்போது கழற்றிவிடுங்கள், மிரரை அது மறைக்கும். மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி முன், பின் கண்ணாடிகள் 70 சதவீத வெளிச்சத்தையாவது, பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையாவது உள்ளே விட வேண்டும். கறுத்த கண்ணாடிக்குள்ளிருந்து இரவில் இடது பக்கம் வரும் பைக்கைப் பார்ப்பது கடினம் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

மழைநீர் தேங்கிய ரயில்வே சுரங்கப்பாதையில் காரை இறக்காதீர்கள். 2021-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்படித் தேங்கிய நீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் இறந்துபோனார். எப்படியோ தண்ணீருக்குள் மாட்டிக்கொண்டால் முதல் வேலையாகக் கண்ணாடியை இறக்குங்கள். வெளியே தண்ணீர் ஏற ஏற அதன் அழுத்தத்தில் கதவு திறக்காது, நனைந்தால் பவர் விண்டோவும் நின்றுபோகலாம். சீட் பெல்ட்டைக் கழற்றி, குழந்தைகளை முதலில் அனுப்பி, ஜன்னல் வழியாக வெளியேறுங்கள். போனும் பையும் அப்புறம்.

ஹார்ன்

ஸ்டீயரிங் நடுவில். நீங்கள் வருவது தெரியாத ஒருவருக்குத் தெரியப்படுத்த மட்டும். வால்பாறைக்குப் போகும் 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் ஒவ்வொரு திருப்பத்துக்கு முன்பும் ஒரு முறை அடிக்கத்தான் வேண்டும், அங்கே ஏறி வரும் வண்டிக்கு வழிவிட்டு நிற்கவும் வேண்டும். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதிப் பகுதி.

பார்க்காமல் பழகுவது எப்படி

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, சாவியை ‘ஆன்’ நிலையில் வையுங்கள். வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். "இடது இண்டிகேட்டர்", "டிம்", "பிரைட்", "வைப்பர் வேகமா", "டபுள் இண்டிகேட்டர்", "பின் கண்ணாடி பூட்டு" என்று அவர் மாற்றி மாற்றிச் சொல்லட்டும். கை தடவித் தேடாமல் போக வேண்டும். வைப்பரைப் பழகும்போது தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே பழகுங்கள். இன்ஜின் ஓடாமல் ஹெட்லைட்டை நெடுநேரம் எரியவிட்டால் பேட்டரி இறங்கிவிடும், அதனால் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அணைத்து வையுங்கள்.

இருட்டிய பிறகு சுவருக்கு எதிரே நிறுத்தி இன்னொரு முறை செய்யுங்கள். டிம்முக்கும் பிரைட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுவரில் தெரியும், ஒரு பக்க ஹெட்லைட் எரியவில்லை என்றாலும் தெரிந்துவிடும். பிரேக் விளக்கைப் பார்க்க மட்டும் ஒருவர் பின்னால் நிற்க வேண்டும். அடுத்ததாக ஆளில்லாத மைதானத்திலோ காலி மனைப்பிரிவுச் சாலையிலோ இரண்டாவது கியரில் மெதுவாக ஓட்டிக்கொண்டே ஒவ்வொன்றாகச் செய்யுங்கள், கை நகரும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்காமல் நேராகப் போக வேண்டும். அதற்கும் பிறகுதான் மழை நாளில் வண்டியை எடுப்பது.

வேறு வண்டியில் ஏறும்போது

இப்படிக் கை பழகியவர்களுக்கு ஒரு சிக்கல் வரும். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்ற வண்டிகளில் இண்டிகேட்டர் இடது பக்கமும் வைப்பர் வலது பக்கமும் இருக்கும். மாருதியில் பழகிய கை வலது பக்கம் திரும்பத் தண்டைத் தட்டினால் வைப்பர் ஆடும், பின்னால் வருபவருக்கு எந்த சிக்னலும் போகாது. ரிவர்ஸ் கியரும் வண்டிக்கு வண்டி மாறும், சிலவற்றில் குமிழுக்கு அடியில் உள்ள வளையத்தைத் தூக்க வேண்டும், சிலவற்றில் அழுத்த வேண்டும். கியர் குமிழின் மேல் படம் இருக்கும், பாருங்கள்.

மாமாவின் காரோ, வாடகைக்கு எடுத்த செல்ஃப் டிரைவ் காரோ, எதுவானாலும் கிளம்புவதற்கு முன் சீட், மிரர், இண்டிகேட்டர், டிம்-பிரைட், வைப்பர், தண்ணீர், முன் கண்ணாடிக் காற்று, டபுள் இண்டிகேட்டர், ஹார்ன், ரிவர்ஸ் என்று வரிசையாக ஒவ்வொன்றையும் இயக்கிப் பாருங்கள். வாடகை வண்டியாக இருந்தால் எந்த விளக்கு எரியவில்லை, எந்த ஜன்னல் ஏறவில்லை என்பதை வண்டி கொடுப்பவரிடம் அங்கேயே காட்டி, செல்போனில் வீடியோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.